சமையலறைத் திறப்பு: மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு?

சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே உள்ள சுவரில் ஓர் ஓபனிங் விடச் சொல்லாத வீட்டுக்காரர் இன்று குறைவு. குழம்புப் பாத்திரத்தைக் கதவைச் சுற்றித் தூக்கிப்போக வேண்டாம். தோசை வார்ப்பவர் பேச்சுத்துணை இல்லாமல் நிற்க வேண்டாம். ஆனால் அகலம் என்ன, கிரானைட் என்ன நிறம் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தத் திறப்பு உருப்படுவதும் சொதப்புவதும் அதற்கு மேலும் கீழும் எவ்வளவு சுவரை விட்டுவைக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

இந்தச் சுவரோடு மல்லுக்கட்டுவது நாம் மட்டுமல்ல. 1926-ல் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த சமையலறை 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். சமைப்பவர் வீணாக ஓரடிகூட நடக்கக் கூடாது என்று கணக்குப் போட்டு அமைத்தார். கூடத்துக்குப் போக ஒரு தள்ளுகதவு வைத்தார். ஏறக்குறைய 10,000 வீடுகளில் அது இடம்பெற்றது. நடை குறைந்தது, ஆனால் உள்ளே நிற்பவர் தனித்துப்போகிறார் என்ற குறை எழுந்தது. பிரான்சின் மார்சே நகரில் லெ கொர்புசியே எழுப்பி 1952-ல் முடிந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சமையலறையில் ஷார்லோட் பெரியான் வேறு வழி பிடித்தார். சுவர் இருக்க வேண்டிய இடத்தில் தாழ்வான அலமாரி மேடை வந்தது. தட்டும் பேச்சும் அதன்மேல் தாராளமாகக் கைமாறின.

அதை அப்படியே நம் வீட்டுக்குக் கொண்டுவந்தால் முதல் தாளிப்பிலேயே சிக்கல்.

மேல் சுவர்: புகைக்குத் தடுப்பு

காய்ந்த மிளகாய் எண்ணெயில் விழுந்ததும் அதிலுள்ள கேப்சைசின், நுண்ணிய எண்ணெய்த் துளிகளோடு காற்றில் ஏறுகிறது. மூக்கிலும் தொண்டையிலும் அதை உணர்வது டி.ஆர்.பி.வி.1 என்ற ஏற்பி. டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997-ல் கண்டறிந்தது; 2021-ல் அவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்ததும் இந்த ஆய்வே. சுமார் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை உணர்வதும் இதே ஏற்பிதான். காரம் எரிச்சலாகத் தெரிவதும், ஹாலில் டிவி பார்ப்பவர் இருமுவதும் அதனால்தான்.

சூடான காற்று மேலே போய்க் கூரையடியில் தேங்கும். திறப்பின் மேல்பாதி வழியாக அது ஹாலுக்கு வழியும். அந்த இடத்தை நிரப்ப, கீழ்ப்பாதி வழியாக ஹாலின் குளிர்ந்த காற்று உள்ளே வரும். இந்தப் பரிமாற்றம் திறப்பின் உயரம் குறையக் குறைய அதைவிட வேகமாகக் குறையும் என்பதுதான் வடிவமைப்பவர் பிடித்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

கதவுகளுக்கு மேல் சுவரைத் தாங்கப் போட்ட லின்டல் ஏழடியில் ஓடுவதால், கொத்தனார் திறப்பையும் ஏழடி வரை விட்டுவிடுவார். இதன் வழியே யாரும் நடக்கப்போவதில்லையே! நிற்பவரின் கண் சுமார் ஐந்தடியில் இருக்கிறது. திறப்பின் மேல்விளிம்பு ஆறடியில் இருந்தாலே முகம் பார்த்துப் பேசலாம். லின்டல் ஏழடியிலேயே இருக்கட்டும். அதன்கீழ் ஓரடியைச் செங்கல்லாலோ பலகையாலோ அடைத்துவிடலாம். கீழ்விளிம்பையும் 34 அங்குல சமையல் மேடையிலிருந்து எட்டு அங்குலம் உயர்த்தினால், 50 அங்குல உயரத் திறப்பு 30 அங்குலமாகும். அகலமும் வெப்பநிலை வித்தியாசமும் மாறாதபோது, காற்றுப் பரிமாற்றம் பாதிக்கும் கீழே போய்விடும்.

மீதியை எக்ஸாஸ்ட் ஃபேன் பார்த்துக்கொள்ளும். மணிக்கு 600 கன மீட்டர் காற்றை அது வெளியே தள்ளுவதாக வைத்துக்கொள்வோம். ஈடுகட்டும் காற்று முழுவதும் நாலடி அகலமும் இரண்டரை அடி உயரமும் உள்ள திறப்பு வழியாக வந்தால், அதன் வேகம் நொடிக்கு 18 சென்டிமீட்டர். புகையைப் பெருமளவு தடுத்து நிறுத்த உதவும் மெல்லிய எதிர்க்காற்று. சமையலறைக் கதவும் திறந்திருந்தால் இந்த வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஃபேனுக்குப் பக்கத்திலேயே ஜன்னல் திறந்திருந்தால் ஃபேன் அந்தக் காற்றையே இழுத்துத் தள்ளிக்கொண்டிருக்கும். திறப்பை அது காக்காது.

அதே சுவரின் பாரம்

செங்கல் சுவரில் ஒரு பகுதியை எடுத்தாலும் மேலே உள்ள எல்லாம் லின்டல்மீது உட்காருவதில்லை. கற்கள் ஒன்றையொன்று தாங்கி, பாரத்தைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். லின்டலுக்கு வருவது ஒரு முக்கோண அளவு சுவர்தான். ஒன்பது அங்குலச் சுவரில் நாலடித் திறப்பு என்றால் அந்த முக்கோணம் ஏறக்குறைய மூன்றரை அடி உயரம், 270 கிலோ எடை. பத்தடி அறையில் ஏழடி லின்டலுக்கு மேல் மிஞ்சுவது மூன்றடியே. முக்கோணம் கூரையைத் தொட்டுவிடுகிறது. பாரம் தாங்கும் சுவராக இருந்தால் கூரையின் சுமையும் சேர்ந்து இறங்கும். அதனால்தான் பழைய வீட்டில் சுவரை உடைப்பதற்கு முன் பொறியாளர் பார்க்க வேண்டும், முட்டுக் கொடுக்க வேண்டும், லின்டல் இருபுறமும் குறைந்தது ஆறங்குலமாவது சுவரில் ஏறி உட்கார வேண்டும். தூணும் பீமும் தாங்கும் ஃபிளாட்டில் நாலரை அங்குலச் சுவரை எடுப்பது எளிது. அலுமினிய அச்சில் வார்த்த கான்கிரீட் சுவர் என்றால் தொடவே கூடாது. அங்கே சுவரேதான் தூண்.

கீழ் சுவர்: மறைப்பும் எச்சரிக்கையும்

எட்டு அங்குலம் உயர்த்திய விளிம்பு இன்னொரு வேலையும் செய்கிறது. ஆறடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து சுமார் 46 அங்குலத்தில் இருக்கும். அங்கிருந்து பார்த்தால், இரண்டடி அகல மேடையில் ஆறங்குலத்துக்குக் குறைவான எதுவும் தெரியாது. நறுக்கிப் போட்ட வெங்காயத் தோலும் எச்சில் கரண்டியும் விருந்தாளி கண்ணில் படாது. இதற்கு விலை, பாத்திரத்தை நகர்த்தித் தள்ளாமல் எட்டு அங்குலம் தூக்க வேண்டும். முதியவர் சமைக்கும் வீட்டில் மேடை மட்டத்திலேயே திறப்பை வைத்து, அலங்கோலத்தைச் சகித்துக்கொள்வது நல்லது. எப்படியானாலும் அடுப்பு திறப்புக்கு நேர்கீழே வேண்டாம். ஹால் ஃபேன் காற்றில் தீ அலையும், எண்ணெய் அந்தப் பக்கம் தெறிக்கும்.

சிலிண்டரில் வரும் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். இடுப்புக்கு மேலுள்ள திறப்பு அதற்கு வடிகாலாகாது. 'ஓபனிங்தான் இருக்கிறதே' என்று கீழ்க் காற்றுத்துளையை அடைத்துவிடக் கூடாது.

சத்தத்துக்குத் திறப்பு இரக்கம் காட்டாது. பத்தடிக்குப் பத்தடிச் சுவரில் இந்தத் திறப்பு பத்தில் ஒரு பங்கு. மீதிச் சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும், மிக்சி சத்தத்தில் சுமார் 10 டெசிபல்தான் குறையும். தள்ளும் கண்ணாடிக் கதவு போட்டால் நிலைமை தேறும்; புகைக்கும் அதுவே கடைசித் தடுப்பு.

ஏற்கெனவே திறப்பு உள்ளவர்கள் ஓர் ஊதுபத்தியால் சோதித்துவிடலாம். அடுப்பில் ஏதாவது கொதிக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, ஹால் ஃபேனை நிறுத்திவிட்டு, திறப்பின் மேல்விளிம்பில் பத்தியைப் பிடியுங்கள். புகை சமையலறைப் பக்கம் சாய்ந்தால் கவலையில்லை. ஹால் பக்கம் சாய்ந்தால் ஜன்னலையும் கதவையும் சாத்திவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் சாயும் திசை மாறாவிட்டால், மேல்விளிம்பை இன்னும் ஓரடி இறக்குவதற்கு ஒரு பலகை போதும். சுவரை இடிக்க வேண்டியதில்லை.