பனிக்கடி பட்ட பாதத்தைப் பராமரிக்கும் முறை

புதுச்சேரியைச் சேர்ந்த கருவடிக்குப்பத்தில் மார்கழிப் பனி என்பது விடியற்காலையில் புல்நுனியை நனைக்கும் ஈரமேயன்றி வேறில்லை. ஆகவே பனியினால் காலுக்கு ஊறு நேரிடும் என்பது இவ்வூராருக்குப் புதுமையாகத் தோன்றலாம். எனினும் இமயமலையின் சியாச்சின் பனியாற்றில் 1984ஆம் வருஷம் முதல் நமது ராணுவம் காவல் புரிந்து வருகிறது. 2016ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 3ந் தேதி அங்கே மதராஸ் ரெஜிமெண்டின் காவல் நிலையம் ஒன்று பனிச்சரிவில் புதையுண்டு, பத்து வீரர்கள் உயிரிழந்தனர். அவர்களில் தமிழ்நாட்டாரும் இருந்தனர். அத்தகைய இடங்களிலிருந்து லேசான பனிக்கடியுடன் ஒருவர் ரஜாவில் வீடு திரும்பினால், குடும்பத்தார் செய்யத்தக்கவையும் தகாதவையும் எவை என்பதை இங்கு விளக்குவோம்.

கடுங்குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கித் தோல் உறைந்து போவதே பனிக்கடி. லேசானதாயின் தோல் முதலில் வெளுத்து மரத்துப் போகும்; உஷ்ணம் பெற்றபின் சிவந்து வீங்கும்; தெளிந்த நீர் கொண்ட கொப்புளமும் எழக்கூடும். உறைந்த காலை 37 முதல் 39 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணமுள்ள நீரில் அமிழ்த்துவது முதற் சிகிச்சை. அது பெரும்பாலும் மலையிலேயே முடிந்துவிடும். எஞ்சியதோ பல வாரங்கள் வீட்டில் நடக்க வேண்டிய பராமரிப்பு.

நம் வீடுகளில் கால் வலி என்றவுடன் நல்லெண்ணெய் தடவி நீவுவதும், உப்பை வறுத்து ஒற்றடம் கொடுப்பதும் வழக்கம். அன்பினால் செய்யும் இவ்விரண்டும் இந்நோய்க்குத் தீங்காகும். நீவினால் மெல்லிய புதுத்தோல் கிழியும். நரம்புகள் மரத்திருப்பதால், ஒற்றடம் சுடுவது நோயாளிக்குத் தெரியாது. தெரியுமுன் கால் வெந்துவிடும். கால் கழுவும் நீரின் சூட்டையும் வேறொருவர் தம் முழங்கையால் சோதித்துப் பார்க்க வேண்டும்.

கொப்புளத்தை உடைக்கலாகாது. பாதத்தைத் தினமும் சுத்தமான வெதுவெதுப்பான நீரில் கழுவி, துணியால் ஒற்றி உலர்த்தி, விரல்களின் இடையே பஞ்சை இறுக்கமின்றி வைத்தல் நலம். வீக்கம் வடியும் வரை காலைத் தலையணை மீது உயர்த்தி வைக்க வேண்டும். சோற்றுக்கற்றாழைக் களிம்பை வைத்தியர்களும் இதற்கு உபயோகிப்பதுண்டு. ஆயினும் வேலியோரத்துக் கற்றாழையை அரிந்து புண்ணில் வைக்காமல், வைத்தியர் தரும் சுத்தமான களிம்பையே பூசுக. பீடி, சுருட்டு, சிகரெட்டு யாவும் ரத்தக் குழாய்களைச் சுருக்குமாதலால் அவற்றை அறவே விலக்குக.

தோல் உரிந்து ஆறிய பின்னரும் எரிச்சல், குறுகுறுப்பு, மரப்பு, அதிக வியர்வை ஆகியவை சில மாதங்கள் நீடிக்கலாம். குளிர் தாங்காமை சிலருக்கு வருஷக்கணக்கிலும் நிற்கும். ஆகவே சித்திரை வெயிலில் கடற்கரை மணலில் வெறுங்காலுடன் நடக்கலாகாது. திரௌபதி அம்மன் கோயிலில் தீமிதிப்பதாகப் பிரார்த்தனை இருப்பினும், உணர்ச்சி முற்றும் திரும்பும் வரை அதை ஒத்திவைப்பதே விவேகம். மீன்பெட்டிகளில் பனிக்கட்டி நிரப்பும் வேலையும் ஆகாது. விரல் நெருக்காத மிருதுவான பாதரட்சை அணிந்து, ஒவ்வொரு நாளும் கண்ணாடி கொண்டு உள்ளங்காலைப் பார்வையிட வேண்டும். நீரிழிவு உள்ளவர் இதில் இரட்டிப்பு ஜாக்கிரதையாயிருத்தல் அவசியம்.

விரல் கறுத்தல், கொப்புளத்தில் ரத்தம் கட்டுதல், துர்நாற்றம், சீழ், ஜுரம், நாளுக்கு நாள் வலி மிகுதல் ஆகியவற்றில் ஒன்று காணினும் கைவைத்தியத்தில் காலங்கழிக்காமல், கோரிமேட்டு ஜிப்மர் போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே செல்ல வேண்டும்.

ஒருமுறை உறைந்த பாதம் மறுமுறை எளிதில் உறையும். அப்போது நேரும் சேதமும் அதிகம். ஆதலால் ரஜா முடிந்து பட்டாளத்துக்குத் திரும்புபவர், கால் ஆறிவிட்டதெனத் தாமே தீர்மானியாது, நேர்ந்ததை ராணுவ வைத்தியரிடம் மறைக்காமல் தெரிவித்து, அவர் அனுமதித்த பின்னரே மீண்டும் பனிமலை ஏற வேண்டும்.