மூக்குக்கண்ணாடியும் ஹெட்போனும்

மூக்குக்கண்ணாடி அணிந்த மாணவர் ஒருவர் ஹெட்போனையும் மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் பாடங் கேட்டாரானால், முடிவில் அவர் முதலிற் செய்யும் காரியம் யாது? ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் காதின் மேற்புறத்தை விரல்களால் தேய்த்துக்கொள்வதே. 2020ஆம் ஆண்டிற் பரவிய கொள்ளைநோயினாற் பாடசாலைகள் மூடப்பட்டு, பிள்ளைகள் வீட்டிலிருந்தே கற்கத் தொடங்கிய நாள்முதல் இக்காட்சியைப் பல வீடுகளிற் காண்கின்றோம். பாடசாலைகள் திறந்து ஆண்டுகள் சில சென்றபோதிலும், இணையவழி ரியூசன் வகுப்புகள் நின்றபாடில்லை. தலையிடிக்குப் பாடத்தின்மீது பழி சுமத்தும் மாணவரும் உளர். பாடம் முற்றாகக் குற்றமற்றது என வாதாட நாம் வரவில்லை. எனினும் பழியில் ஒரு பங்கு வேறிடத்தைச் சாரும்.

ஹெட்போனின் தலைப்பட்டை ஒரு வில்லைப் போன்றது. இருபுறமும் உள்நோக்கி நெரிப்பதனாலேயே அது தலையில் நிற்கின்றது. அவ்விசை காதைச் சுற்றியுள்ள மெத்தை முழுவதிலும் பரவும்போது நமக்குத் தொல்லை தோன்றுவதில்லை. கண்ணாடியின் கால் இடையிற் குறுக்கிட்டதும் விசையின் பெரும்பகுதி அவ்வொடுங்கிய கோட்டிலே குவிந்துவிடுகின்றது. விசையைப் பரப்பளவாற் பிரிக்க வருவது அமுக்கம் என்பதை மாணவர் அறிவர்; அதை இங்கே தம் தலையிலேயே பரிசோதிக்கின்றனர்! காதுக்குச் சற்று முன்பாக நரம்பும் நாடியும் தோலுக்கு அண்மையிற் செல்வதனால் வலி எளிதில் உண்டாகும். வெளியமுக்கத்தால் வரும் தலையிடிக்கு அனைத்துலகத் தலைவலிச் சங்கத்தின் வகைப்பாட்டிலும் தனியிடம் உண்டு. தலைக்கவசம், நீச்சற் கண்ணாடி முதலியவற்றால் வருவதும் இவ்வகையே. அமுக்கம் தொடங்கி ஒரு மணி நேரத்துள் தோன்றுவதும், அமுக்கம் நீங்கி ஒரு மணி நேரத்துள் மறைவதும் அதன் குறிகள். ஹெட்போனைக் கழற்றிய பின்னரும் வலி நெடுநேரம் நிற்குமாயின் காரணம் வேறு. கண்ணையும் வைத்தியரிடம் காட்டுதல் நன்று.

வலியைவிடக் கவலைக்குரியது மற்றொன்றுண்டு. கண்ணாடியின் கால் மெத்தையைத் தூக்கிப் பிடிப்பதனால் அங்கே சிறு இடைவெளி உண்டாகின்றது. அதன் வழியாகத் தாழ்ந்த மீடிறனுடைய ஒலிகள் கசிந்துபோக, வெளியிரைச்சல் உள்ளே வருகின்றது. கேட்பவர் செய்வது யாது? ஒலியைக் கூட்டுவதே. வளர்ந்தோர்க்கு 80 டெசிபல் ஒலியளவில் வாரத்திற்கு 40 மணி நேரமும், சிறுவர்க்கு 75 டெசிபல் அளவில் அதே நேரமுமே எல்லை என உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வெளியிட்ட நியமம் கூறுகின்றது. மூன்று டெசிபல் கூடுந்தோறும் நேரம் பாதியாகும். 80 டெசிபலில் 40 மணி நேரம் கேட்கக்கூடியவர் 89 டெசிபலில் 5 மணி நேரமே கேட்கலாம். கேள்விப்புலன் ஒருமுறை தேய்ந்தால் மீள்வது அரிது. வலிக்கு அஞ்சிக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் திரைக்குள் முகத்தைப் புதைக்கும் பிள்ளைகளையும் நாம் கண்டதுண்டு.

ஆகவே எதை வாங்குவது? காதின் மேலேயே அழுந்தும் சிறு மெத்தையுள்ளவை கண்ணாடி அணிவோர்க்குப் பெரும்பாலும் ஆகா. அவை காதுமடலையே கண்ணாடிக்காலோடு சேர்த்து நெரிக்கும். 1979இல் சோனி வாக்மனோடு வந்த பஞ்சு வைத்த மெல்லிய வகையும், 1984இல் வந்து இன்றும் விற்கப்படும் கொஸ் போர்ட்டா புரோவும் இதற்கு விலக்கு. அவற்றின் பாரமும் இறுக்கமும் குறைவு. காதை அடைக்காத அமைப்பாதலால் கண்ணாடியாற் கெடுவதும் அதிகமில்லை. அமைதியான அறைக்கு அவை போதும். பஸ் வண்டிக்கு உதவா.

காதை முழுவதும் சூழும் பெரிய வகையை நாடுவோர் மெத்தையையே முதலிற் பார்த்தல் வேண்டும். ஒரு பென்சிலை மெத்தைக்குக் குறுக்கே வைத்து மெல்ல அழுத்துக. மெத்தை பென்சிலின் இருபுறமும் வந்து அணைத்துக்கொண்டால் நல்லது. பென்சில் மேலேயே மிதந்தால் உமது கண்ணாடிக்காலும் அவ்வாறே மிதக்கும். 1966இல் விமான இருக்கைகளுக்கென அமெரிக்க நாசா நிறுவனத்திற்காக உருவாக்கப்பட்ட மெல்லமீளும் பஞ்சு இதற்கு மிகவும் ஏற்றது. மேலுறை செயற்கைத் தோலாயின் நம் நாட்டு வெயிலிலும் வியர்வையிலும் விரைவில் உரியத் தொடங்கும்; துணியுறை குளிர்ச்சி தரும், ஆயினும் ஒலியைச் சற்றுக் கசியவிடும். மாற்று மெத்தை தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு வாங்குதல் சிக்கனம். இறுக்கம் மிகுந்தால், உலோகப் பட்டையுள்ளதைப் புத்தக அடுக்கின்மேல் ஓரிரவு விரித்து வைத்துத் தளர்த்தலாம். பிளாஸ்ரிக் பட்டையில் இவ்வித்தை வேண்டாம், வெடித்துவிடும்.

2022இல் டொலருக்கு 200 ரூபாயளவில் நின்ற நாணயமாற்று விலை 350ஐத் தாண்டிய பின்னர், இறக்குமதிப் பொருள் எதையும் எண்ணியே வாங்கவேண்டியதாயிற்று. வெளியிரைச்சலை மின்னியல் முறையால் அடக்கும் விலையுயர்ந்த வகைக்குக் கண்ணாடி அணிவோர் காசைக் கொட்டுவதை நாம் ஆதரியோம். அது பெரிதும் அடக்குவது தாழ்ந்த இரைச்சலையே. இடைவெளியால் நுழைவதும் அதுவே. கையிற் காசு குறைந்தவர்க்குக் காதுத்துளையிற் செருகும் சிறு வயர்க்கருவியே மேல். அது கண்ணாடியைத் தொடுவதேயில்லை. பெட்டியில் வரும் றப்பர் முனைகளைப் பெரும்பாலோர் மாற்றிப் பார்ப்பதில்லை. பொருந்திய அளவைத் தேடிப் போட்டாலே ஓசை திருந்தும். கைத்தொலைபேசியில் வயருக்குரிய துளை உண்டா என்பதை வீட்டிலேயே பார்த்துச் செல்க.

கண்ணாடிச் சட்டம் மாற்றும் காலம் அண்மையில் வருமாயின், தடித்த பிளாஸ்ரிக் காலை விடுத்து மெல்லிய, தட்டையான உலோகக் காலைத் தெரிந்தெடுப்பது, புதிய ஹெட்போன் வாங்குவதிலும் அதிக பயன் தரக்கூடும். கடைக்குப் போகும்போது அன்றாடம் அணியும் கண்ணாடியோடே போதல் வேண்டும். பத்து நிமிடமாவது மாட்டியிருந்து, எழுதுவது போலத் தலையைக் குனிந்தும் பார்த்தல் வேண்டும். கண்ணாடி அணியாத அண்ணன் தம்பிக்காகப் போட்டுப் பார்த்து, 'நல்லாய்த்தான் இருக்கு' என்று சொல்லும் சாட்சி செல்லாது.