மீண்டும் முதல் அடவிலிருந்து

அறுவை சிகிச்சை முடிந்து, காயம் ஆறி, வீடு திரும்பும் நாள் நெருங்கும்போது நோயாளிகள் எங்களிடம் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அது மருந்தைப் பற்றியதன்று, உணவைப் பற்றியதுமன்று. "இனி நான் பழையபடி தறியில் உட்கார முடியுமா?" "விட்ட படிப்பை முடிக்க முடியுமா?" "கோயில் திருவிழாவில் மறுபடியும் நாதஸ்வரம் வாசிக்க முடியுமா?" நோய் உடலைத் தாக்கும்போது அவ்வுடலை நம்பியிருந்த கனவையும் சேர்த்தே தாக்குகிறது. அக்கனவைக் கைவிடாதிருக்கும் வழி யாது என்பதை, பலரும் அறிந்த ஒரு வரலாற்றின் துணையுடன் இவ்விதழில் எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

பரதநாட்டியக் கலைஞர் சுதா சந்திரன் 1981-ஆம் ஆண்டு, பதின்ம வயதில், தமிழ்நாட்டில் நேர்ந்த சாலை விபத்தொன்றில் காயமுற்றார். காயம் அழுகிப்போனதால் அவருடைய கால் ஒன்றை முழங்காலுக்குக் கீழே அகற்ற வேண்டியதாயிற்று. 1984-இல் அவர் செயற்கைக் காலுடன் மீண்டும் மேடையேறி ஆடினார். பின்னர் அவரது வாழ்வைத் தழுவி எடுக்கப்பட்ட 'மயூரி' என்னும் தெலுங்குத் திரைப்படத்தில் அவரே நடித்தார்.

இவ்வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் விபத்திலிருந்து நேரே மேடைக்குத் தாவிவிடுகின்றனர். இடையில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. படுக்கையில் இருப்பவருக்கு வேண்டிய பாடம் கைதட்டலில் இல்லை. அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

அவர் அணிந்தது 'ஜெய்ப்பூர் கால்'. ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில், 1960-களின் இறுதியில், கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தியும் உருவாக்கியது அது. அதற்கு முன் கிடைத்த செயற்கைப் பாதங்கள் காலணி அணிந்து நாற்காலியில் அமரும் வாழ்க்கைக்காகச் செய்யப்பட்டவை. நம் நாட்டு உழவரோ வெறுங்காலோடு வரப்பில் நடக்க வேண்டும். குந்தி உட்கார வேண்டும். சம்மணமிட்டு உண்ண வேண்டும். அந்நோயாளிகள் எவ்வாறு வாழ விரும்புகின்றனர் என்று பார்த்து, ரப்பரும் மரமும் கொண்டு, பல பக்கமும் வளைந்து கொடுக்கும் பாதத்தை அவ்விருவரும் வடித்தனர். மருத்துவர் சேத்திக்கு 1981-இல் மகசேசே விருது வழங்கப்பட்டது. வெறுங்காலோடு ஆடும் நடனத்திற்கு, வெறுங்காலோடு நடப்போருக்காகப் பிறந்த பாதம் பொருந்தியதில் வியப்பில்லை.

பாதம் பொருந்தியதும் நடனம் வந்துவிடவில்லை. முதலில் நிற்கப் பழக வேண்டும், பிறகு நடக்க. அதன் பின்னரே அரைமண்டியும் தட்டடவும். தரையைத் தட்டும்போது தரையை உணராத ஒரு பாதத்தோடு, குழந்தைகள் கற்கும் முதல் பாடத்திற்குத் தேர்ந்த கலைஞர் திரும்ப வேண்டியிருந்தது. 'முன்பு எப்படி ஆடினேன்' என்ற நினைவோடு தொடக்கப் பாடத்தில் நிற்பது வலியைவிடக் கடினமானது என்பதை, பக்கவாதத்திற்குப் பின் கரண்டியைப் பிடிக்கப் பழகும் நம் நோயாளிகள் நன்கு அறிவர்.

மனவுறுதி முதலில் வரும், முயற்சி பின்னர் வரும் என்றே பலர் எண்ணுகின்றனர். எங்கள் இயன்முறை மருத்துவப் பிரிவில் நாங்கள் நாள்தோறும் காண்பது வேறு. "இன்று மனமில்லை" என்று சொல்பவரிடம், "ஐந்து நிமிடம் மட்டும் கையை நீட்டி மடக்குவோம்" என்கிறோம். அந்த ஐந்து நிமிடம் முடியும்போது, வந்தபோது இல்லாத மனம் சிறிது வந்திருக்கும். மனவுறுதி பெரும்பாலும் முயற்சியின் பின்னால் நடந்து வருவது. ஆகவே, அதற்காகக் காத்திருக்க வேண்டாம். நாளைக்கான வேலையை இன்றே சிறிதாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

சிறிய செயல்களின் மதிப்புக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறோம். முழங்காலுக்குக் கீழே கால் அகற்றப்பட்டவர், முழங்காலின் அடியில் தலையணை வைத்துக்கொண்டால் அப்போதைக்கு இதமாக இருக்கும். தொடர்ந்து அவ்வாறு செய்தால் மூட்டு மடங்கியபடியே இறுகிவிடும். பிறகு செயற்கைக் காலணிந்து நடப்பது அரிதாகும். அந்தத் தலையணையை எடுத்துவிடுவதும் கனவுக்கான உழைப்பே. அதை யாரும் பாராட்டுவதில்லை; ஆயினும் பின்னாளில் எடுத்து வைக்கும் அடிக்கு அதுவே அடிப்படை.

குடும்பத்தினருக்கும் ஒரு சொல். "இந்த நிலையில் இதெல்லாம் எதற்கு?" என்று தடுப்பதும், "மனம் வைத்தால் முடியாதது உண்டா?" என்று நெருக்குவதும் நோயாளியைத் தனிமைப்படுத்துகின்றன. அருகில் அமர்ந்து, இன்று எத்தனை அடி நடந்தார் என்று குறித்து வைப்பதே பெரும் துணை. சில வாரங்களாகத் தூக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, ஓயாத சோர்வு ஆகியன இருந்தால் அதனைச் சோம்பல் என்று கருத வேண்டா. பெருநோய்க்குப் பின் மனச்சோர்வு வருவதுண்டு. அதற்குச் சிகிச்சையும் உண்டு. மருத்துவரிடம் தயங்காமல் கூறுங்கள்.

எல்லாக் கனவும் பழைய வடிவிலேயே திரும்பும் என்று நாங்கள் உறுதி கூறவியலாது. தறியில் நெடுநேரம் அமர முடியாதவர், மகளுக்கு நெசவு கற்பிக்கலாம். குரல் மெலிந்தவர் பாடம் சொல்லிக் கொடுக்கலாம். வடிவம் மாறுவதைத் தோல்வி என்று எண்ண வேண்டியதில்லை. கலை உங்களோடுதான் இருக்கிறது.

அடுத்த முறை வரும்போது, மருந்துச் சீட்டோடு உங்கள் கனவையும் எங்களிடம் சொல்லுங்கள். "நடக்க வேண்டும்" என்பவருக்கும், "மூன்றாம் மாடியிலுள்ள பேத்தி வீட்டுக்குப் படியேறிப் போக வேண்டும்" என்பவருக்கும் நாங்கள் வகுக்கும் பயிற்சி ஒன்றாக இராது. போக வேண்டிய இடம் தெரிந்தால், முதல் அடியை எங்கே வைப்பது என்று சேர்ந்தே பார்க்கலாம்.