தாம்பத்யத்தில் வலியா? தேங்காய் எண்ணெயை எடுக்கும் முன்...

சர்க்கரை, முழங்கால் வலி என எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லிவிட்டு, கதவு வரை போன பிறகு திரும்பி வந்து, ‘இன்னொண்ணு டாக்டர்...’ என்று இழுக்கும் பெண்கள் உண்டு. அந்த ‘இன்னொண்ணு’ பெரும்பாலும் பெண்ணுறுப்பு வறட்சி. அதனால் உறவின்போது எரிச்சல், வலி.

மெனோபாஸில் ஈஸ்ட்ரோஜன் குறைவதுதான் இதற்கு முக்கியக் காரணம். தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களிலும் இந்த ஹார்மோன் குறைவதால், இளம் தாய்மார்களுக்கும் வறட்சி வரும். இதைக் கணவர் ‘விருப்பமில்லை’ என்று எடுத்துக்கொள்வதும், மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதும் பல வீடுகளில் நடக்கிறது. ஈரம் சுரக்காததற்கும் அன்புக்கும் சம்பந்தமே இல்லை.

மெடிக்கலில் கேட்கக் கூச்சப்பட்டு பலர் எடுப்பது தேங்காய் எண்ணெய் அல்லது வாசலின். லேடெக்ஸ் ஆணுறை பயன்படுத்துபவர்கள் இரண்டையும் தொடவே கூடாது. எண்ணெய் பட்டால் சில நிமிடங்களிலேயே ரப்பர் பலவீனமாகி, ஆணுறை கிழியலாம். வாசலின் உள்ளேயே தங்கி, தொற்றுக்கும் வழிவிடக்கூடும்.

தண்ணீர் அடிப்படையிலான லூப்ரிகன்ட் ஆணுறைக்குப் பாதுகாப்பானது, எளிதில் கழுவலாம். ஆனால், சீக்கிரம் காய்ந்துவிடும். சிலிக்கான் வகை நீண்ட நேரம் நிற்கும், லேடெக்ஸையும் கெடுக்காது.

தண்ணீர் வகையிலும் எல்லாம் ஒன்றல்ல. உப்பில் போட்ட மாங்காய்த் துண்டு நீர்விட்டுச் சுருங்குகிறது அல்லவா? கிளிசரின், புரோப்பிலீன் கிளைகால் அதிகமுள்ள ஜெல்லும் உள்தோலின் செல்களிலிருந்து அப்படித்தான் நீரை உறிஞ்சும். வறட்சிக்குப் போட்டதே புண்ணாக்கிவிடும்! இந்த அடர்த்தியை அளக்கும் ‘ஆஸ்மோலாலிட்டி’ 380-க்குள் இருப்பது நல்லது, 1,200-ஐத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பி.ஹெச் அளவு சுமார் 4.5 இருக்கலாம். பாட்டிலில் இந்த எண்கள் பெரும்பாலும் இருக்காது. எனவே, சேர்மானப் பட்டியலில் கிளிசரின் முதல் சில பெயர்களுக்குள் வந்தால் வேறு பிராண்டு பாருங்கள். ஸ்ட்ராபெர்ரி வாசனை, ‘சூடேற்றும்’ ஜெல் எல்லாம் விளம்பரத்துக்குச் சரி, எரிச்சல் உள்ளவர்களுக்கு வேண்டாம். முதலில் முன்கையில் சிறிது தடவிப் பார்த்துவிடலாம்.

குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்கள் டாக்டரைக் கேட்டே வாங்க வேண்டும். சில ஜெல்கள் விந்தணுக்களின் வேகத்தைக் குறைக்கும்.

லூப்ரிகன்ட் போட்டும் வலி தொடர்ந்தால், ஈஸ்ட்ரோஜன் க்ரீம் தேவையா என்று மகப்பேறு மருத்துவர் முடிவு செய்வார். மெனோபாஸுக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், ‘வறட்சியாகத்தான் இருக்கும்’ என்று வீட்டிலேயே முடிவு கட்டாமல் உடனே பரிசோதனைக்குப் போய்விடுங்கள்.