நிலைத்து நில்லாத யூ. எஸ். பி. தொடர்பு: பழுதறியும் முறை

ஏரிக்கரையில் நீர்மட்டத்தைப் பதிவு செய்யும் கருவியொன்றின் பெட்டியைத் திறந்தால், உள்ளங்கையிலும் சிறிய கணிப்பொறிப் பலகையொன்று உள்ளே இருப்பதைக் காணலாம். அதற்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. மாதம் ஒரு முறை அங்கு வரும் பணியாளர், தம்முடைய மடிக் கணிப்பொறியிலிருந்து ஒரு யூ. எஸ். பி. கேபிளைப் பலகையில் செருகி, அதுகாறும் சேர்ந்துள்ள அளவீடுகளை எடுத்துச் செல்கிறார். பள்ளிகளிலும் நிலைமை ஏறக்குறைய இதுவே. 2016-ஆம் ஆண்டு முதல் பல பள்ளிகளில் நிறுவப்பெற்றுள்ள அடல் டிங்கரிங் ஆய்வுக்கூடங்களைப் போன்ற இடங்களில், மாணவர்கள் இத்தகைய பலகைகளைக் கொண்டு பழகுகின்றனர். இரண்டு இடங்களிலும் ஒரே கேபிள் மின்சாரத்தையும் செய்தியையும் சேர்த்துச் சுமக்கிறது.

அத்தொடர்பு அறவே ஏற்படாவிடில், காரணம் விரைவில் அகப்பட்டுவிடும். ஐந்து நிமிடம் ஒழுங்காக நடந்து, திடீரென நின்று, சற்று நேரத்தில் தானே உயிர் பெறும் தொடர்புதான் மனிதரின் பொறுமையைச் சோதிப்பது. இந்நிலையில் பலர், பலகை கெட்டுவிட்டதென்று முடிவு கட்டி, அதிலுள்ள நினைவு அட்டையை அழித்து நிரல்களைப் புதிதாக எழுதுகின்றனர். பழுது அதனால் நீங்குவது அரிது. ஆனால் அட்டையிலிருந்த ஒரு மாதத்து அளவீடுகள் நீங்கிவிடுகின்றன. ஆகையால் எதையும் மாற்றுவதற்கு முன்னர், பழுது எங்குள்ளது என்பதைத் துணிதல் வேண்டும்.

தொடர்பு ஏற்படும் விதம்

யூ. எஸ். பி. முறை 1996-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. விசைப்பலகை, அச்சுப்பொறி முதலியவற்றைக் கணிப்பொறியுடன் எளிதில் இணைப்பதே அதன் நோக்கம். 2000-ஆம் ஆண்டில் வந்த இரண்டாம் பதிப்பு, விநாடிக்கு 480 மெகாபிட் வரை செய்தி செல்லும்படி வேகத்தை உயர்த்திற்று. இப்பதிப்பின் கேபிளில் அடிப்படையாக நான்கு கம்பிகள் உள்ளன. ஒன்று 5 வோல்ட்டு, ஒன்று தரை, மற்ற இரண்டும் செய்திக்கு உரியவை. இம்முறையில் இரு முனைகளும் சமமானவை அல்ல. ஒரு முனையிலுள்ள தலைமைக் கணிப்பொறி கேட்டாலன்றி, மறுமுனையிலுள்ள சாதனம் வாய் திறப்பதில்லை. சாமானிய வலைப்பின்னலில் எந்தப் பொறியும் தான் வேண்டும்போது செய்தி அனுப்பலாம், இங்கு அவ்வாறில்லை.

இவ்வமைப்பின் மீது வலைப்பின்னல் ஓடுவதற்குச் சிறு பலகை ஒரு வேடம் பூணுகிறது. ‘யான் ஓர் ஈதர்நெட் அட்டை’ என்று தலைமைக் கணிப்பொறியிடம் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. லினக்ஸ் இயங்கும் பலகைகளில் இவ்வேடத்தைத் தருவது ‘ஜி-ஈதர்’ என்னும் நிரற்கூறு. 2013-இல் வெளிவந்த பீகிள்போன் பிளாக், 2015-இல் வெளிவந்த ராஸ்பெரி பை ஜீரோ ஆகிய பலகைகளில் இவ்வகைத் தொடர்பு மிகுதியும் கையாளப்பட்டு வருகிறது.

கேபிளைச் செருகியது முதல் நிகழ்வன ஒரு சங்கிலியாக அமைந்துள்ளன. பலகை, செய்திக் கம்பிகளுள் ஒன்றை 1.5 கிலோ ஓம் தடையின் வழியாக உயர்ந்த அழுத்தத்திற்கு இழுக்கிறது. அதனால் யாரோ வந்திருப்பதைத் தலைமைக் கணிப்பொறி உணர்கிறது. பின்னர் அது பலகையைத் துவக்க நிலைக்குக் கொணர்ந்து, அதற்கு ஓர் எண் வழங்கி, ‘நீ யார், என்ன வகையைச் சேர்ந்தவன்’ என வினவுகிறது. விடைக்கு ஏற்ற டிரைவர் நிரல் தேர்ந்தெடுக்கப்படுகிறது. அதன் பின்னரே வலைப்பின்னல் முகப்பு ஒன்று தோன்றும், அதற்கு ஐ. பி. முகவரி இடப்படும். இத்தனை கண்ணிகளுள் எது அறுந்தாலும் பணியாளர் காண்பது ஒன்றே. திரையில் பதில் வரவில்லை.

முதற் கேள்வி

பழுதறிவதில் மிகுந்த பயன் தரும் கேள்வி இது: தொடர்பு நின்ற அந்த நொடியில், சாதனம் விலகியதாகத் தலைமைக் கணிப்பொறி கருதியதா, இல்லையா?

இதற்கு விடை ஊகத்தால் பெற வேண்டுவதன்று. லினக்ஸ் முறையின் அடிப்படை நிரலாகிய கெர்னல், நிகழ்வன யாவற்றையும் நேரத்துடன் குறித்து வருகிறது. டி, எம், ஈ, எஸ், ஜி என்னும் ஐந்து எழுத்துகளாலாகிய கட்டளையை இட்டால் அக்குறிப்பைப் படிக்கலாம். அதனுடன் ஒரு சிறு கோடும் டபிள்யூ எழுத்தும் சேர்த்தால், குறிப்பு எழுதப்பட எழுதப்படத் திரையில் வந்துகொண்டே இருக்கும். விண்டோஸ் கணிப்பொறியில் டிவைஸ் மேனேஜர் சாளரத்தைத் திறந்து வைத்தால், சாதனம் மறைந்து தோன்றுவதைக் கண்ணாலேயே காணலாம். இதனுடன் மற்றொரு சாளரத்தில், பலகைக்கு விநாடிக்கு ஒரு முறை ‘பிங்’ அனுப்பி வருதல் நலம். இரண்டையும் ஒப்பிட்டு, பதில் நின்ற நேரத்தில் ‘டிஸ்கனெக்ட்’ என்ற சொல் குறிப்பில் உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

அச்சொல் இருப்பின், பழுது அநேகமாக மின்சாரத்தைச் சார்ந்தது. அல்லது பலகையே ஒரு முறை நின்று மறுபடி துவங்கியிருக்கிறது. இல்லையெனில், கேபிளின் மேல் பழி சுமத்துவது வீண். உறக்கம், முகவரி, டிரைவர் ஆகியவற்றுள் ஒன்றையே சந்தேகிக்க வேண்டும். பலரும் இக்கேள்வியைக் கேளாமலே கேபிளை மாற்றுவதும் முகவரியை மாற்றுவதுமாக அரை நாளைக் கழித்துவிடுகின்றனர்.

சாதனம் விலகும்போது

முதலில், பலகை துவங்கி எவ்வளவு நேரமாயிற்று என்பதை அதனிடமே கேட்க வேண்டும். லினக்ஸ் முறையில் ‘அப்டைம்’ என்னும் கட்டளை இதைக் கூறும். காலை முதல் மின்சாரம் பெற்று வரும் பலகை, தான் துவங்கி மூன்று நிமிடமே ஆனதாகச் சொன்னால், அறுந்தது தொடர்பன்று. பலகை இறந்து பிழைத்திருக்கிறது. மின்னழுத்தம் குறைந்ததே இதற்குப் பொதுவான காரணம்.

அழுத்தம் எவ்வாறு குறைகிறது என்பதை ஆசிரியர்கள் ஓமின் விதியைக் கொண்டே வகுப்பில் விளக்கலாம். மலிவான கேபிள்களில் மின்சாரக் கம்பி பெரும்பாலும் 28-ஆம் எண் கனமுள்ளது. அதன் தடை மீட்டருக்கு ஏறக்குறைய 0.21 ஓம். 2 மீட்டர் கேபிளில் மின்சாரம் போவதற்கும் வருவதற்குமாக 4 மீட்டர் கம்பி, தடை 0.85 ஓம் அளவாகும். பலகை 0.5 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 0.43 வோல்ட்டு நஷ்டமாகிறது; 5 வோல்ட்டு, 4.57 வோல்ட்டாகப் பலகையை அடைகிறது. நினைவு அட்டையில் எழுதும்போதோ வானொலி அலைப் பகுதி இயங்கும்போதோ மின்னோட்டம் கணநேரம் 0.8 ஆம்பியருக்கு ஏறினால், அழுத்தம் 4.32 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். மாறாக, 24-ஆம் எண் கம்பியின் தடை மீட்டருக்கு 0.084 ஓம் அளவே. அதே நீளத்தில் 0.5 ஆம்பியருக்கு நஷ்டம் 0.17 வோல்ட்டுதான். கேபிளின் வெளித் தோற்றம் இவ்வேறுபாட்டைக் காட்டாது. பருத்த உறைக்குள் மெல்லிய கம்பி இருத்தலும் உண்டு. யூ. எஸ். பி. இரண்டாம் பதிப்பின் விதிப்படி, ஒரு துவாரம் தர வேண்டிய மின்னோட்டமும் 0.5 ஆம்பியர் மட்டுமே.

இவ்விடத்தில் மல்டிமீட்டரை முழுதும் நம்பலாகாது. அழுத்தம் ஆயிரத்தில் சில பங்கு விநாடி மட்டும் சரிந்து மீளுமாயின், மீட்டர் அதைச் சராசரியில் கரைத்து, 4.9 வோல்ட்டு என்று அமைதியாகக் காட்டிக்கொண்டிருக்கும். ராஸ்பெரி பை வகைகளுள் 2014-இல் வந்த பி-பிளஸ் முதலான பலகைகளில், 4.63 வோல்ட்டு அளவுக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கும் சுற்று உண்டு. ஆனால் யூ. எஸ். பி. தொடர்புக்கு மிகுதியும் பயன்படும் ஜீரோ வகைக்கு அச்சுற்று இல்லை. குட்டையான, கனத்த கம்பியுள்ள கேபிளை ஒரு முறை மாற்றிப் பார்த்தலே இங்குச் சிறந்த மீட்டர்.

பலகை மறுபடி துவங்கவில்லை, ஆயினும் விலகல் மட்டும் நிகழ்கிறது என்றால், செய்திக் கம்பிகளையும் பிளக்கையும் நோக்க வேண்டும். குறிப்பில் எதிர்மறை 71 என்ற பிழையெண் வந்தால், வந்த செய்தி விதிமுறைக்குப் பொருந்தாமல் சிதைந்திருந்தது என்று பொருள். எதிர்மறை 110 என்பது, உரிய நேரத்தில் விடை வரவில்லை என்பதாகும். மைக்ரோ வகைச் சாக்கெட்டுகளில், பிடித்து நிற்கும் வில்கள் பலகையின் சாக்கெட்டில் அமையாமல், கேபிளின் பிளக்கில் அமைந்துள்ளன. தேய்மானம் மலிவான பகுதியில் நேரட்டும் என்பதே அவ்வமைப்பின் கருத்து. எனவே தளர்ந்த இணைப்புக்குக் கேபிளை மாற்றுவதே முதற் சிகிச்சை. சாக்கெட்டை வளைத்து இறுக்க முயல்வது கூடாது.

பை ஜீரோ பலகையில் ஒரே தோற்றமுள்ள இரண்டு மைக்ரோ சாக்கெட்டுகள் உண்டு. ஓரத்திலுள்ளது மின்சாரத்திற்கு மட்டுமே, செய்தி செல்வது உட்புறத்துச் சாக்கெட்டில்தான். தொலைபேசிக்கு மின்னேற்றம் செய்வதற்கென்றே விற்கப்படும் சில கேபிள்களில் செய்திக் கம்பிகளே இருப்பதில்லை. இவை நிலையற்ற தொடர்பைத் தருவன அல்ல, தொடர்பையே தாராதவை. ஆயினும் விளக்கு எரிவதைக் கண்டு ஏமாறுவோர் பலர். மேலும், இரு சாக்கெட்டுகளின் 5 வோல்ட்டுக் கம்பிகளும் பலகையினுள் சேர்ந்திருப்பதால், தனி மின்வழங்கியையும் மடிக் கணிப்பொறியையும் ஒருங்கே இணைத்தால், மின்சாரம் கணிப்பொறிக்குள் திரும்பிப் பாய இடமுண்டு.

விலகாமலே பேச்சு நிற்கும்போது

இங்குக் கடிகாரமே சிறந்த கருவி. கம்பியின் குறை ஒழுங்கற்ற இடைவெளிகளில் தோன்றும். நிரலின் குறை பெரும்பாலும் கணக்குத் தவறாமல் தோன்றும்.

45 விநாடிக்கு ஒரு முறை தொடர்பு அறுந்தால், லினக்ஸ் மடிக் கணிப்பொறியிலுள்ள நெட்வொர்க் மேனேஜர் என்னும் நிரலைச் சந்தேகிக்கலாம். புதிய முகப்பு ஒன்றைக் கண்டதும், அது முகவரி வழங்குவோரைத் தேடுகிறது. பலகையில் அத்தகைய வழங்கி இல்லையெனில், 45 விநாடி காத்திருந்து, முகப்பைக் கீழிறக்கி, மறுபடி முயல்கிறது. பணியாளர் கையால் இட்ட முகவரியும் அப்போது அழிந்துவிடும். அம்முகப்பிற்கு நிலையான முகவரியை அந்நிரலின் வழியாகவே எழுதி வைத்தால் தொல்லை தீரும்.

தட்டச்சு செய்யும்போது நன்கு நடந்து, சற்று ஓய்ந்தபின் உயிரற்றுப் போகும் தொடர்பு, உறக்க நோயைச் சேர்ந்தது. மின்சாரத்தைச் சேமிக்கும் பொருட்டு, பயனற்றிருக்கும் யூ. எஸ். பி. சாதனத்தைக் கணிப்பொறி உறங்க வைக்கலாம். லினக்ஸ் முறையில் இதற்குரிய இயல்பான காத்திருப்பு 2 விநாடி. எல்லாச் சாதனங்களுக்கும் இது தானாக நேர்வதில்லை. மின்சேமிப்பு நிரல்கள் இதை இயக்கிவிடுகின்றன. விண்டோஸிலும் இதற்கு ஒப்பான ஏற்பாடு மின்சார அமைப்புகளுள் காணப்படும். சில பலகைகள் உறங்கியபின் சரிவர விழிப்பதில்லை. இந்நோய்க்கு ஒரு வேடிக்கையான இயல்பு உண்டு. ஓயாமல் ‘பிங்’ அனுப்பிக்கொண்டே கவனித்தால், சாதனம் உறங்க வாய்ப்பில்லாமையால், நோய் வெளிப்படுவதே இல்லை. ‘பிங்’கை நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துப் பார்த்தல் வேண்டும். அப்போது பதில் வராவிடில், அச்சாதனத்திற்கு மட்டும் உறக்கத்தை விலக்கிவிடலாம்.

காலையில் சரியாக இருந்து, பலகையை அணைத்து மறுபடி இயக்கியதும் கெடும் தொடர்புக்கு வேறொரு காரணம் உண்டு. ஜி-ஈதர் நிரற்கூறு, வேறு கட்டளை இல்லாதபோது, ஒவ்வொரு முறை ஏறும்போதும் இரு முனைகளுக்கும் எழுந்தமானமாக வன்பொருள் முகவரிகளைப் படைத்துக்கொள்கிறது. அதனால் நேற்றைய பலகையை இன்று மடிக் கணிப்பொறி புதியதோர் அட்டை என்றே எண்ணுகிறது. நேற்று எழுதிய அமைப்பு இதற்குப் பொருந்துவதில்லை. அந்நிரற்கூறு ஏறும்போதே இரு முகவரிகளையும் நிலையாகக் கொடுத்துவிடலாம். ஆனால் வகுப்பில் ஒரே நினைவு அட்டையைப் பிரதி எடுத்துப் பத்துப் பலகைகளுக்கு வழங்கும் ஆசிரியர், ஒவ்வொன்றிலும் அம்முகவரியின் கடைசி இலக்கங்களை மாற்றியாக வேண்டும். ஐ. பி. முகவரியிலும் இத்தொல்லை உண்டு. பீகிள்போன் பலகை பழக்கமாக 192.168.7.2 என்பதையும், கணிப்பொறிக்கு 192.168.7.1 என்பதையும் கொள்கிறது. அத்தகைய இரு பலகைகளை ஒரே கணிப்பொறியில் செருகினால், எதற்குச் செய்தி அனுப்புவதென்று கணிப்பொறி தடுமாறும். ஒவ்வொன்றாகச் செருகினால் இரண்டும் நன்றாயிருப்பது இதற்கு அடையாளம்.

டிரைவரைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. ஈதர்நெட் வேடத்திற்கு ஆர்-என்டிஸ், ஈ. சி. எம்., என். சி. எம். என மூன்று மொழிகள் வழக்கில் உள்ளன. முதலாவது மைக்ரோசாஃப்ட் வகுத்தது. மாக் கணிப்பொறி இதை இயல்பாக அறியாது. விண்டோஸ் 10, பலகையைச் சில வேளை தொடர்வரிசைத் துறை என்று தவறாகக் கொள்வதுண்டு. அப்போது டிவைஸ் மேனேஜரில் உரிய டிரைவரைக் கையால் தேர்ந்து கொடுக்க வேண்டும்.

யூ. எஸ். பி. தொடர்பு எவ்விதத்தும் பிடிபடாத நாளில், பலகைக்குள் நுழைய வேறொரு வாயில் உண்டு. இப்பலகைகளில் தொடர்வரிசை முனைகள் மூன்று, அதாவது அனுப்புதல், பெறுதல், தரை, அமைந்துள்ளன. தகுந்த மாற்றுக் கேபிள் ஒன்றை அவற்றில் இணைத்து, விநாடிக்கு 1,15,200 என்னும் வேகத்தில் கணிப்பொறியில் திறந்தால், அவ்வாயில் அமைப்பில் அடைக்கப்படாதிருக்குமாயின், வலைப்பின்னலின் உதவியின்றியே பலகையின் குறிப்புகளைப் படிக்கலாம், அளவீடுகளையும் காப்பாற்றலாம். அம்முனைகள் 3.3 வோல்ட்டுக்கு உரியவை. 5 வோல்ட்டுக் கேபிளை அவற்றில் இணைத்தால், அதுவரை நன்றாயிருந்த பலகை அப்போது உண்மையாகவே கெட்டுவிடும்.