உருப்படிக் கூலியும் ஒப்பந்தப் பத்திரமும்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு ஜவுளி வியாபாரத்தை அறியாத அங்கத்தினர் நம்மில் அரியர். அத்தகைய கடையொன்றுக்கு உருப்படிக் கூலிக்குத் தைப்பவரிடம், "நான் தொழிலாளியல்லேன், ஒப்பந்தக்காரன்" என்று முதலாளி எழுதி வாங்கிக்கொண்டால், அவர் பொறுப்பு தீர்ந்துவிடுமா? தீராது.

அன்றைய சென்னை ராஜ்யத்துப் பீடித் தொழிலில் எழுந்த வழக்கு இதற்குச் சான்று. இலையும் புகையிலையும் கம்பெனியுடையவை. சுற்றிய பீடியும் கம்பெனிக்கே திரும்பும். நடுவே ஒப்பந்தக்காரர் என்றொருவர். சுற்றுவோர் தம் ஆட்களல்லர் என்றனர் உரிமையாளர். திவான் மொகிதீன் சாகிப் கம்பெனி வழக்கென வழங்கும் இதில், 1964-இல் உச்ச நீதிமன்றம் அவ்வொப்பந்தக்காரர் பெயரளவினரே, சுற்றுவோர் உரிமையாளரின் தொழிலாளரே எனத் தீர்ப்பளித்தது. தொழிற்சாலைச் சட்டத்திற்குத் தப்பவே இவ்வேற்பாடு என்பதையும் அது கண்டுகொண்டது. (1958-இல் மத்தியப் பிரதேச வழக்கொன்றில் பீடிச் சட்டேதார்கள் தனி ஒப்பந்தக்காரரென்றே கொள்ளப்பட்டனர், தாம் விரும்பியவாறு வேலையை முடிக்கும் சுதந்திரம் அவர்களுக்கு இருந்தது.)

தையற்காரருக்கு நேரே பொருந்துவது 1973-ஆம் ஆண்டின் சில்வர் ஜூபிலி தையலக வழக்கு. இயந்திரம் கடையுடையது; தையல் சரியில்லையேல் மீண்டும் தைக்கச் சொல்லும் உரிமையும் கடைக்கே. ஆதலால் உருப்படிக் கூலி பெறினும் அவர்கள் ஊழியரே என முடிவாயிற்று. சிலர் பிற கடைகளுக்கும் தைத்தது தடையாகவில்லை.

இவ்வாறு முடிவாகுமாயின் வருங்கால வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. ஆகியவற்றின் பழைய பாக்கி வட்டியோடு முதலாளி தலையில் விழக்கூடும். சிறு கடையை அதுவே மூடச் செய்யும். நூல் கொடுத்து, துணியைச் சோதித்துக் கூலி தரும் நம் சங்கங்களும், அங்கத்தினரல்லாதாருக்குத் தரும் வேலையை இக்கண்கொண்டு பார்த்தல் நலம். தைப்பவரும் நெய்பவரும் கூலிச் சீட்டுகளைக் கிழித்தெறியாது வைத்திருக்கக் கோருகிறோம். வழக்கு மன்றத்தில் முதலில் கேட்பது அவற்றையே.