கழற்றிய பில்டரைக் கேட்டு வாங்குங்கள்

வியாழனும் ஞாயிறும் தேனி மாவட்டம் வடுகபட்டியில் பூண்டுச் சந்தை. கொடைக்கானல் மலைப்பூண்டு மூட்டைகளுக்கு நடுவே, பின்சீட்டை மடக்கிவிட்டுச் சரக்கேற்றும் பழைய மாருதிகளையும் இண்டிகாக்களையும் பார்க்கலாம். மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியிலேயே நின்றுவிட்டது, வண்டிகள் நிற்கவில்லை.

இப்படிப்பட்ட வண்டிகளில் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று: "அண்ணே, பெரியகுளம் வரைக்கும் நல்லாத்தான் வந்துச்சு. கும்பக்கரை தாண்டி அடுக்கம் ரோட்டுல ஏறினா இழுக்க மாட்டேங்குது." உடனே பிளக் மாற்றுகிறார்கள், கார்புரேட்டரைப் பிரிக்கிறார்கள், பம்ப் போச்சு என்று ஆயிரக்கணக்கில் பில் போடுகிறார்கள். எல்லாம் முடிந்தபிறகுதான் சில நூறு ரூபாய் பெட்ரோல் பில்டர் நினைவுக்கு வருகிறது. சமதரையில் எஞ்சின் குடிப்பது கொஞ்சம். ஏற்றத்தில், அதுவும் சுமையோடு, அதிகம் கேட்கும். பாதி அடைத்த பில்டர் கொஞ்சத்தை விடும், அதிகத்தை விடாது. மலையைப் போல இதைக் காட்டிக்கொடுக்கும் கருவி எந்தப் பட்டறையிலும் இல்லை.

பில்டர் எங்கே? வண்டிக்கு வண்டி இடம் மாறும். சிலவற்றில் பானெட்டுக்குள், சிலவற்றில் வண்டியின் வயிற்றுக்குக் கீழே டேங்க் பக்கம், சற்றுப் பிந்திய மாடல்களில் டேங்குக்குள்ளேயே பம்போடு சேர்ந்து. டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயை விரலால் தொடர்ந்துபோனால் அகப்பட்டுவிடும். அகப்படாவிட்டால் டேங்குக்குள் இருக்கிறது என்று அர்த்தம். அது வீட்டு வாசலில் செய்கிற வேலை இல்லை.

கார்புரேட்டர் வண்டியில் குழாய்க்குள் அழுத்தம் குறைவு. எம்பிஎப்ஐ எனும் இன்ஜெக்டர் வண்டியில் ஏறக்குறைய 3 கிலோ பிரஷர், சாவியை அணைத்த பிறகும் குழாய்க்குள் காத்திருக்கும். கிளிப்பைக் கழற்றியதும் முகத்தில் பீய்ச்சியடிக்கும். சூடான சைலன்சர் பக்கத்தில் இருந்தால் தீ. எனவே பம்பின் பியூசைப் பிடுங்கி, எஞ்சின் தானாக அணையும் வரை ஓடவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றியபிறகே கை வைக்க வேண்டும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், வேலை திறந்தவெளியில் நடக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்கக் கூடாது. பில்டரில் உள்ள அம்புக்குறி எஞ்சினைப் பார்க்க வேண்டும். குறைந்த அழுத்தத்துக்கான பிளாஸ்டிக் பில்டரை எம்பிஎப்ஐ வண்டியில் மாட்டுவதும், தண்ணீர் ஹோஸை வெட்டிப் பெட்ரோல் குழாயாக்குவதும் சிக்கனமல்ல, தீ வைப்பு. டீசல் வண்டியில் பில்டருக்கு அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருக்கும். மாற்றியதும் ஏர் எடுக்க வேண்டும்.

கழற்றிய பில்டரைக் குப்பையில் போடாதீர்கள். டேங்க் பக்கத்து வாயைக் கண்ணாடி பாட்டிலுக்குள் கவிழ்த்து வடியுங்கள். செந்நிறத் தூள் வந்தால் டேங்க் துருப்பிடித்திருக்கிறது. கறுப்புப் பிசிறு வந்தால் ஹோஸ் கரைகிறது. அடியில் தனியாக ஒரு படலம் நின்றால் தண்ணீர்.

இப்போது இந்தப் பரிசோதனைக்கு மதிப்பு கூடியிருக்கிறது. பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுக்கும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். பழைய டேங்கில் படிந்த பிசினையும் எத்தனால் கிளறி பில்டருக்கு அனுப்பும். சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடியபின் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது. எத்தனால் இல்லாத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று கோரிய பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. ஆக, சாதாரணப் பெட்ரோலில் தேர்வு இல்லை; பழைய வண்டிக்காரர் பில்டரைச் சற்று முன்கூட்டியே மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

எத்தனால் கலப்பது அரசு ஏற்பாடு. மழைத்தண்ணீர் கலப்பது குற்றம். 2025 ஜூன் 26 இரவு மத்தியப் பிரதேசம் ரத்லத்தில், முதலமைச்சர் மோகன் யாதவின் பயணத்துக்கான 19 கார்கள் டீசல் போட்ட கொஞ்ச நேரத்தில் வரிசையாக நின்றன. டேங்குகளைக் காலி செய்தால் தண்ணீர். பங்குக்கு உடனே சீல் வைத்தார்கள். நம் ஒற்றை வண்டி நின்றால் அத்தனை வேகம் இருக்காது. ஆனால் உரிமை அதேதான்.

பங்கில் பில்டர் பேப்பர் சோதனையை இலவசமாகக் கேட்கலாம்: ஒரு சொட்டுப் பெட்ரோல் 2 நிமிடத்துக்குள் கறையில்லாமல் ஆவியாக வேண்டும். இது கலப்படத்துக்கான சோதனை. தண்ணீரைக் காட்டும் என்று நம்பிவிட வேண்டாம். அடர்த்தியை அளக்கச் சொல்லலாம். பதிவேட்டு எண்ணோடு 3 புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகம். 5 லிட்டர் அளவுக் கேனில் 25 மில்லிக்கு மேல் குறைந்தால் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் புகார் செய்யலாம். கலப்படமென்றால் எண்ணெய் நிறுவனத்துக்கும் மாவட்ட வழங்கல் அலுவலருக்கும் எழுத வேண்டும். எதற்கும் பில் வேண்டும். எரிபொருள் போட்டதும் வண்டி நின்றால் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

பட்டறையிலும் அப்படியே. மாற்றிய பாகத்தின் விலை எழுதிய பில், கழற்றிய பழைய பாகம், இரண்டையும் கேளுங்கள். மெக்கானிக் தம்பி முகம் சுளிப்பார், பரவாயில்லை. மாற்றாத பம்புக்கு வாங்கிய பணமும், தண்ணீர் கலந்த எரிபொருளால் வந்த செலவும் நுகர்வோர் வழக்குக்குரியவை. முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணை அழையுங்கள். தீராவிட்டால் தேனி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. கெடு 2 ஆண்டு.

நீங்களாக வீட்டில் பிடித்த எரிபொருள் மாதிரிக்கு வழக்கில் வலு குறைவு. பங்க் ஊழியர் முன்னிலையில் எடுத்து, சீல் வைத்து, மெக்கானிக்கிடம் எழுதி வாங்கியது நிற்கும். அந்தப் பாட்டிலை இறுக மூடி, தேதி ஒட்டி, அடுப்பங்கரைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அது ஊறுகாய் இல்லை என்று வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியும் வையுங்கள்.